அக்காவின் மாப்பிள்ளையும் என் ரூட்டரும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைப் பார்த்தால் சிலருக்குக் கை அரிக்கும். எனக்கு அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. அப்போது சேலையூரிலிருந்து மேடவாக்கம் வழியாக ஓ.எம்.ஆரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். (வேலை, அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பட்டன்களை அமுக்கிப் பார்ப்பது. வீட்டில் இது தெரியாது.) எங்கள் தெருவிலேயே முதல் வைஃபை எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. வந்த வாரமே, ரூட்டரில் கம்பெனிக்காரன் போட்டிருந்த மென்பொருளைத் தூக்கிவிட்டு, உலகெங்கும் ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகத் தரும் ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரை ஏற்றினேன்.

அதில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். நான் எல்லாவற்றையும் மாற்றினேன். சிக்னல் பவரை எவ்வளவு ஏறுமோ அவ்வளவுக்கு ஏற்றினேன். கம்ப்யூட்டர் இருந்ததோ ரூட்டரிலிருந்து இரண்டடி தள்ளி. நடுவில் ஓடிய வயரைப் பிடுங்கி, முடிச்சுப் போட வசதியாக இரு முனையிலும் இருந்த பிளாஸ்டிக் கொண்டையை வெட்டி, பால்கனியில் அம்மாவுக்குத் துணிக்கொடியாகக் கட்டிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து கால் மணிக்கு ஒரு தரம் வைஃபை செத்துச் செத்துப் பிழைத்தது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஏண்டா, பழையபடி வயரையே சொருகிட்டா என்ன?"

"இது சேனல் பிரச்சனைப்பா. உங்களுக்குப் புரியாது."

எனக்கும் புரியவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு கார்ட்லெஸ் போன், மாடிப்படிக்குக் கீழே இருந்த தண்ணீர் மோட்டார், எங்கள் மிக்ஸி என்று வரிசையாகப் பழி போட்டேன். மூன்று வாரம் அம்மா என்னிடம் அனுமதி கேட்டுத்தான் சட்னி அரைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு அமெரிக்க மாப்பிள்ளை வரன் வந்தது. அவருக்கு லீவு இரண்டே வாரம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவது, பிடித்தால் டிக்கெட் போடுவது என்று ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. சனிக்கிழமை அக்கா என் முன்னால் வந்து நின்றாள்.

"டேய், எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. ஒரு மணி நேரம் ஒழுங்கா ஓட வை, போதும்."

அவள் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு எட்டரைக்கு ஃபர்ம்வேரின் புதிய பதிப்பு வந்திருப்பதைப் பார்த்தேன். எல்லாக் கோளாறையும் சரிசெய்துவிட்டதாகப் போட்டிருந்தது. விட முடியுமா? ஏற்றத் தொடங்கினேன். 'முடியும்வரை மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்' என்ற எச்சரிக்கை ஓடியது. அம்மாவையும் அப்பாவையும் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று துரத்தினேன். பிறகு, அக்காவுக்குப் பின்னால் கேமராவில் தெரியும்படி நிற்கப்போகிறேனே, சட்டை கசங்கியிருக்கிறதே என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். சுவரில் காலி பிளக் இல்லை. ஒன்றைப் பிடுங்கினேன்.

ரூட்டரின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. திரும்பச் சொருகினால், ஒரே ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. அதுவும் வைத்தியர் உதட்டைப் பிதுக்குவதைப்போல எரிந்தது. பால்கனிக்கு ஓடி ஈரத்துணிகளோடு வயரை அறுத்து வந்தேன். கொண்டை இல்லாத வயரை எதில் சொருகுவது? ஜாக்கெட்டும் துண்டுமாக அதைப் பிடித்துக்கொண்டு நடு ஹாலில் நின்றேன். பட்டுப்புடவையில் இருந்த அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை. அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்பதேகாலுக்கு வீட்டு போன் அடித்தது. மாப்பிள்ளை! அப்பா எடுத்தார்.

"மன்னிக்கணும் தம்பி. கொஞ்சம் மக்கர் பண்ணிக்கிட்டிருந்தது. என் பையன் அதைச் சரி பண்ணிட்டான். இப்ப சுத்தமா இல்ல."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது. போன் அக்கா கைக்குப் போனது. அவள் கூச்சத்தோடு ஆரம்பித்தாள். சட்னி அனுமதி வரை வந்தபோது கூச்சம் போயிருந்தது. துணிக்கொடிக்கு வந்தபோது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். முக்கால் மணி நேரம்! முழுக்க என்னைப் பற்றித்தான். வைத்ததும் சொன்னாள்: "பவரை முழுசா ஏத்தி வச்சிருப்பாரு, சூடாகி நின்னிருக்கும், கொறைச்சிருந்தா போதும்னு சொன்னார்." மூன்று வாரம் நான் தேடியதை, முகத்தைக்கூடப் பார்க்காத ஆள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் டிக்கெட் போட்டுவிட்டார்.

கல்யாணத்தில் மச்சான் மோதிரம் போடும் நேரம். மோதிரத்தோடு நான் நெருங்கியதும் அத்தான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். புரோகிதரின் மைக் பக்கத்திலேயே இருந்தது.

"மச்சான், சும்மா போட்டு விட்டாப் போதும். எதையும் மாத்திடாதீங்க."

மண்டபமே சிரித்தது. அதிலிருந்து எங்கள் இரு குடும்பத்திலும் எந்தக் கல்யாணமானாலும், மோதிரத்துக்குக் கை நீட்டுமுன் மாப்பிள்ளை இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. போன தை மாதம் அத்தானின் தூரத்து உறவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ரொம்ப பயபக்தியோடு இதைச் சொல்ல, என் பக்கத்தில் இருந்த பெரியவர் என் காதில், "இது எங்க வழக்கம் தம்பி, தலைமுறை தலைமுறையா வர்றது" என்றார். நானும் பயபக்தியோடு தலையாட்டினேன்.