தேவாங்கு சைத்தூனின் பின்னிணைப்பு

ஒரு காட்டில் ஒரு தேவாங்கு இருந்தது என்று தொடங்கினால் சைத்தூனுக்குக் கோபம் வந்துவிடும். "பதினோரு வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன். 'இருந்தது' என்னங்க 'இருந்தது'? 'இருந்தார்'னு சொல்லுங்க" என்பார். சொல்லிவிடுவோம். ஒரு காட்டில் சைத்தூன் என்று ஒரு தேவாங்கு இருந்தார்.

தேவாங்குக்கு நடை மெதுவு, கண் பெரிது. ஆராய்ச்சிக்கு இந்த இரண்டும் போதும். ஓடைக்கரைப் பள்ளிவாசலிலிருந்து பாறையடித் தாலுகா ஆபீஸ் வரைக்கும் கிளை கிளையாகப் போவார். யார் எந்தச் சொல்லைப் பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டு அட்டையில் எழுதிக்கொள்வார். ஆய்வின் தலைப்பு 'மார்க்கமும் மொழியும் மாற்றுக்குரல் பொறுக்காத அரசியலும்'. வழிகாட்டியான ஆமைப் பேராசிரியர் அந்தத் தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்குவார்.

அந்தக் காட்டில் தோலையும் வாலையும் பார்த்து ஒருவருடைய மார்க்கத்தைச் சொல்லிவிட முடியாது. முயல்களில் பாதிப்பேர் பள்ளிவாசலுக்குப் போனார்கள், பாதிப்பேர் கோயிலுக்குப் போனார்கள். எல்லோரும் ஒரே புல்லைத் தின்று, ஒரே மொழியில் சண்டை போட்டார்கள்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு சைத்தூன் கண்டுபிடித்தது இதுதான். பள்ளிவாசலில் புழங்குவதெல்லாம் உள்ளூர்ச் சொல். தொழுகை, நோன்பு, இறைவன், பள்ளிவாசல். ஓதுவது அரபில்தான், ஆனால் 'ஓதுவது' தமிழ். தாலுகா ஆபீஸில்தான் அரபு கொட்டிக் கிடந்தது. தாலுகாவே அரபு. வசூல், அமல், ரத்து, அசல், நகல், ஆஜர், கைது, ஜாமீன் எல்லாமே அங்கே கிளம்பி, பாரசீகத்திலும் உருதுவிலும் இறங்கி ஏறி, இங்கே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தவை.

"அல்லாவை நெனைக்கிறவங்க தமிழ்ல பேரு வச்சிருக்காங்க. ஆட்டை ஜப்தி பண்றவங்க அரபுல பேரு வச்சிருக்காங்க!" என்று சைத்தூன் மூன்று நாள் தனியாகச் சிரித்தார். அப்படி ஆபீஸில் புழங்கும் அரபுச் சொற்கள் இருநூற்று எண்பத்தாறையும் ஆய்வேட்டின் கடைசியில் பின்னிணைப்பாகச் சேர்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், மூன்று பிரதி. பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தார்.

அவருடைய கண்டுபிடிப்பு பிடிக்காத முதல் ஆள் ஜமாஅத் செயலாளர் பூநாரை கலிபத்துல்லா. இருபது வருஷம் பாலைவனக் கடற்கரையில் வேலை பார்த்துத் திரும்பியவர். வந்ததிலிருந்து தொழுகையை 'ஸலாத்' என்றும் நோன்பை 'ஸவ்ம்' என்றும்தான் சொல்ல வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பூநாரை என்பதால் அது அவருக்குக் கஷ்டமாகவும் இல்லை.

"மார்க்கத்துக்குத் தமிழ்ப் பேரா? கொறச்சலா இல்ல?" என்று கேட்டார்.

"ஆயிரம் வருஷமா நம்ம பெரியவங்க அப்படித்தானே சொல்றாங்க, காக்கா?"

அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவது அவர்கள் வழக்கம். பக்கத்து மரத்திலிருந்து இரண்டு பேர் "என்னா?" என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரியவங்களுக்குத் தெரியல. நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தவன்" என்று சொல்லிவிட்டுப் பூநாரை பறந்துபோனார்.

அந்தச் சமயத்தில்தான் காட்டெருமை கம்பீரநாதன் ஆட்சிக்கு வந்தார். எல்லோருக்கும் புல், எல்லோருக்கும் தண்ணீர் என்று சொல்லி வந்தவர். ஆறு மாதத்தில் ஓடை வற்றியது. புல் எங்கே என்று மான்கள் கேட்க ஆரம்பித்ததும் கம்பீரநாதன் பாறைமேல் ஏறி, "புல் முக்கியமா, மொழி முக்கியமா?" என்று திருப்பிக் கேட்டார். மான்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே 'ஒரே காடு, ஒரே குரல்' என்று தட்டி கட்டிவிட்டார்கள். அந்நியச் சொல் ஒழிப்புச் சட்டம் வந்தது. அரபுச் சொல்லை வாயில் எடுத்தால் ஆறு மாதம் முள்வேலிக்குள்.

சட்டம் தயார். எந்தச் சொல் அரபு என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. "அவங்க பேசுறது" என்றார் ஒரு மந்திரி. "அவங்களும் நாம பேசுறதைத்தானே பேசுறாங்க" என்றார் இன்னொருவர். அவருடைய பதவி அன்று சாயங்காலமே போனது. பிறகு யாரோ சொல்லி, பல்கலைக்கழகத்திலிருந்து சைத்தூனின் ஆய்வேட்டை மூன்று பிரதியோடு தூக்கிவந்தார்கள். கம்பீரநாதன் மோந்து பார்த்தார். தலைப்பில் 'மார்க்கம்' இருந்தது. எழுதியவர் பெயர் சைத்தூன். கடைசியில் அரபுச் சொற்கள் வரிசையாக இருந்தன.

"பள்ளிவாசல் பேச்சு பூராவும் மாட்டிக்கிச்சு" என்று சொல்லி, ஒரு பிரதியின் பின்னிணைப்பைக் கிழித்துச் சட்டத்தோடு தைத்துக் குளம்பு வைத்தார். உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் சைத்தூன் தன் பட்டியலைப் பார்த்தார். நூற்றுப் பதினாலாவது சொல்லில் தான் விட்டிருந்த எழுத்துப்பிழை உட்பட அப்படியே இருந்தது. அந்தப் பயத்துக்கு நடுவிலும், புல் கொடுக்க முடியாத அரசு சொல்லைப் பிடுங்கும் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியது பலித்துவிட்டதே என்று ஓரமாக ஒரு சந்தோஷமும் எட்டிப்பார்த்தது. படித்தவர்கள் புத்தி அப்படித்தான்.

கலிபத்துல்லா இறக்கையை விரித்துக்கொண்டு வந்து இறங்கினார். "நம்ம சனத்தைப் பட்டியல் போட்டுக் காட்டிக் குடுத்துட்டியே, சைத்தூன்!"

"காக்கா, பட்டியலைப் படிச்சீங்களா?"

"படிக்கணுமாக்கும்? மேல 'அரபு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே!"

இரண்டு தரப்பும் படிக்காமலேயே ஒரே முடிவுக்கு வந்துவிட்டதே என்று சைத்தூனுக்குத் தலை சுற்றியது.

சட்டம் எல்லோருக்கும் முன்னால் தாலுகா ஆபீஸைத்தான் பிடித்தது. 'ஆஜர்' சொல்ல முடியாமல் குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் ஆப்சென்ட் விழுந்தது. அசல் எது நகல் எது என்று சொல்ல முடியாமல் இரண்டையும் எரித்தார்கள். 'பதில்' என்ற சொல்லும் பட்டியலில் இருந்ததால் எந்த மனுவுக்கும் பதில் வரவில்லை. இந்த ஒன்றில் மட்டும் பழைய நாட்களுக்கும் இந்த நாட்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கீரி ஏட்டு தணிகாசலம் சைத்தூனின் மரத்தடிக்கு வந்தார். அனுமதியில்லாமல் ஆராய்ச்சி செய்த குற்றத்துக்கு அவரைக் கைது செய்ய வேண்டும். வாயைத் திறந்தவர் சட்டென்று மூடிக்கொண்டார்.

"டாக்டரம்மா, உங்களை… வந்து… உங்களைப் பிடிக்க வந்திருக்கேன்."

"எனக்கும் உங்களைப் பிடிக்கும் ஏட்டய்யா. உக்காருங்க, டீ போடுறேன்."

"அந்தப் பிடிக்கிறது இல்லம்மா. அது… எழுபத்தி ரெண்டாவது வார்த்தை."

சைத்தூன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். "ஓ, அதுவா? என்னை எதுல ஏத்திட்டுப் போகப்போறீங்க?"

"நடந்துதான்."

தேவாங்கு நடந்து பாறையடிக்குப் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. ஏட்டு பொறுமையாகக் கூட வந்தார். வழியில் அவருக்கும் பொழுது போகாமல் எது எது அரபு என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க முகம் வாடிப்போனது.

பாறையடியில் கூட்டம் கூடியிருந்தது. கம்பீரநாதன் கொம்பை ஆட்டினார். "இதெல்லாம் உங்க பள்ளிவாசல் வார்த்தைதானே? என்ன பதில் சொல்றே?"

ஏட்டு இருமினார். "ஐயா, 'பதில்' பட்டியல்ல இருக்கு."

"என்ன… மறுமொழி சொல்றே?"

சைத்தூன் முன்னால் வந்தார். "இது பள்ளிவாசல் வார்த்தை இல்லைங்கய்யா. உங்க ஆபீஸ் வார்த்தை. பள்ளிவாசல் வார்த்தையெல்லாம் முன்னூத்திப் பதினோராம் பக்கத்துல இருக்கு. தொழுகை, நோன்பு, இறைவன். யார் வேணா படிச்சுப் பாக்கலாம்."

ஒரு முயல் ஓடிப்போய்ப் பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தது. மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இதோ, உண்மை வெளியே வந்துவிட்டது, இனி எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று சைத்தூன் நினைத்தார். பள்ளிக்கூடத்தில் அவர் படித்த கதைகளெல்லாம் அப்படித்தான் முடிந்திருந்தன.

கம்பீரநாதன் உறுமினார். "தொழுகை நம்ம சொல். நோன்பு நம்ம சொல். நம்ம சொல்லை இவங்க எப்படி எடுத்துக்கிட்டாங்க? திருட்டு! எல்லாத்தையும் பிடுங்குங்க!"

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து கலிபத்துல்லா துள்ளி எழுந்தார். "தாராளமா எடுத்துக்குங்க! அதைத்தான் நானும் தலைதலையா அடிச்சுக்கிறேன். எங்களுக்கு வேண்டவே வேண்டாம்!"

அப்புறம் என்ன, இருவரும் கட்டிக்கொண்டார்கள். காட்டெருமையும் பூநாரையும் ஒரு விஷயத்தில் இவ்வளவு மனமொத்துப் போனதை அந்தக் காடு கண்டதில்லை. போட்டோ எடுத்தார்கள். இருவருக்கும் நடுவில் நிற்கவைத்ததால் சைத்தூனும் போட்டோவில் விழுந்தார், கண் மட்டும்.

இரண்டு பேருக்கும் பிடிக்காத அந்த ஆய்வேட்டின் மூன்று பிரதியையும் வரும் திங்கட்கிழமை நடுக்காட்டில் எரிப்பது என்று முடிவானது. கொளுத்த வேண்டியதும் சைத்தூனே, அதனால் அதுவரைக்கும் அவரை விட்டுவைத்தார்கள்.

வெளியே வந்த சைத்தூன் கரடி ஒச்சப்பனின் டீக்கடையில் போய் உட்கார்ந்தார். பதினோரு வருஷம். அட்டைகள்கூட மழையில் நனைந்து போய்விட்டன. மிச்சம் இருப்பது அந்த மூன்று பிரதிதான். அழக்கூடாது என்று பார்த்தார். கண் பெரிது என்பதால் கண்ணீரும் பெரிதாக வந்தது.

"தேன் கொஞ்சம் தூக்கலா ஊத்தியிருக்கேன் டாக்டரம்மா, குடிங்க" என்றார் ஒச்சப்பன்.

அன்று வியாழக்கிழமை. ஏட்டு தணிகாசலம் கடைக்கடையாக வந்துகொண்டிருந்தார். ஒச்சப்பன் கடைமுன் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"ஒச்சப்பா, அதைக் குடு."

"எதைங்கய்யா?"

"அதான்யா, வியாழக்கிழமை வியாழக்கிழமை குடுப்பியே."

"பேரைச் சொல்லுங்கய்யா."

ஏட்டு அக்கம்பக்கம் பார்த்தார். 'மாமூல்' இருநூற்று மூன்றாவது சொல். "வழக்கமானதைக் குடுய்யா!"

ஒச்சப்பன் பயபக்தியோடு கைகூப்பி ஒரு கும்பிடு போட்டார். "வழக்கமா இதைத்தானே குடுப்பேன்?"

பக்கத்துக் கடை அணில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஏட்டுக்கு முகம் சிவந்தது. அடுத்த கடைக்குப் போனார், அங்கேயும் கும்பிடு. அந்தத் தெருவில் பதினேழு கடை. பதினேழு கும்பிடோடு வெறுங்கையாகத் திரும்பினார். காடு முழுக்க அன்று எல்லா ஏட்டுக்கும் இதே கதி. இந்தச் சட்டம் நல்ல சட்டம்தானோ என்று கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு நிமிஷம் சைத்தூனுக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

வெள்ளிக்கிழமை போலீசுக்கு உடம்பு சரியில்லை. சனிக்கிழமை தாலுகா ஆபீஸுக்கும் உடம்பு சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து கம்பீரநாதனைப் பார்க்கப் போனார்கள். கொளுத்துவதற்குத் தீப்பெட்டி வாங்கிக்கொள்ள வரச்சொல்லியிருந்ததால் சைத்தூனும் அங்கே ஓரமாக நின்றார்.

தணிகாசலம் முன்னால் வந்தார். "ஐயா, கொள்கைக்காக உயிரைக் கேளுங்க, குடுக்கிறோம். வியாழக்கிழமையைக் கேக்காதீங்க."

"வேற சொல் வச்சுக் கேளுங்களேன்யா!" என்றார் கம்பீரநாதன்.

"கேட்டுப் பாத்தாச்சுங்க. 'கையூட்டு'ன்னு கேட்டா, அசிங்கமா பேசாதீங்கன்னு அடிக்க வர்றாங்க. அந்த வார்த்தையிலதாங்க ஒரு மரியாதை இருந்துச்சு."

கம்பீரநாதன் வெகுநேரம் அசைபோட்டார். அவருக்கும் மாதாமாதம் மேலே வந்து சேர வேண்டியது ஒன்று இருந்தது. அதற்கும் அதே பெயர்தான். மான்கள் புல்லுக்குக் கத்தியபோது அசையாத தலை, மெதுவாக அசைந்தது.

"சட்டம் ரத்து" என்றார். அந்தச் சட்டப்படி அப்படிச் சொல்வதே குற்றம். ஆனால் சொல்லி முடித்ததும் குற்றமில்லாமல் போய்விட்டது. ஏட்டுகள் விசிலடித்தார்கள்.

சைத்தூனின் மூன்று பிரதியும் திரும்பி வந்தன, ஒன்றில் மட்டும் பின்னிணைப்பு இல்லை. 'மொழி உரிமை காத்த மாவீரர்' என்று கம்பீரநாதனுக்குப் புதுத் தட்டி கட்டினார்கள். கலிபத்துல்லா கோபித்துக்கொண்டு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அந்த ஒரு வாரம் பள்ளிவாசலில் எல்லோரும் நிம்மதியாக நோன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வியாழக்கிழமை ஒச்சப்பன் ஒரு குடம் தேனை எடுத்து நீட்டினார், பெருமூச்சோடு.

வாய்மொழித் தேர்வில் ஆமைப் பேராசிரியர் கேட்டார்: "உங்க ஆய்வால சமூகத்துக்கு என்ன பயன்?"

சைத்தூன் உள்ளதைச் சொன்னார். "நானூத்திப் பன்னெண்டு பக்கத்தால ஒண்ணும் ஆகலைங்க. ஒரே ஒரு வார்த்தையால ஆச்சு."

"அதை முடிவுரையில எழுதிடுங்க. ஆனா ஆதாரம் கேப்பாங்களே?"

சைத்தூன் அப்போதே பேனாவை எடுத்து அடிக்குறிப்பு போட்டார்: கீரி தணிகாசலம், நேர்காணல், ஒச்சப்பன் டீக்கடை, இரண்டு டீ. ஆமை படித்துப் பார்த்துவிட்டு முனைவர் பட்டத்தில் கையெழுத்திட்டது. மன்னிக்கவும், கையெழுத்திட்டார்.

நீதி: கொடுங்கோல் சட்டத்தை ஆராய்ச்சியால் அசைக்க முடியாது, ஆனால் லஞ்சம் ஒழுங்காக நடக்கும் காட்டில் அது பத்து நாளைக்குமேல் தாங்காது. ஆகவே பிள்ளைகளே, நன்றாகப் படியுங்கள். படிப்பு வராவிட்டால் மாமூல் வாங்குங்கள். இரண்டில் எதுவானாலும் நாட்டுக்குச் செய்யும் தொண்டுதான்.