என் வீட்டு சி டிரைவும் பார்மேட் அண்ணாச்சியும்

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர்களில் பாதியை உப்புக்காற்று அழித்தது என்றால், மீதியை அழித்தவர் பார்மேட் அண்ணாச்சி. அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்தான்.

எந்தக் கோளாறுக்கும் ஒரே வைத்தியம். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், "அண்ணாச்சி, பிரிண்டர்ல பேப்பர் சிக்கிட்டு" என்று கூப்பிட்டார். அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார். "பார்மேட் பண்ணிருவோம்." பண்ணினார். கம்ப்யூட்டரில் இருந்ததெல்லாம் துடைத்துப் போயிற்று, பேப்பர் மட்டும் அங்கேயேதான் சிக்கியிருந்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீசில் கீபோர்டுக்குள் எறும்பு புகுந்ததற்கும் இதேதான். எறும்புகள் பிழைத்துக்கொண்டன, ஆபீஸ் கடிதங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன.

இப்படிப்பட்டவரை ஏன் கூப்பிட்டாய் என்பீர்கள். என் கம்ப்யூட்டருக்குப் பதினாறு வயது. மற்றவர்கள் பார்த்ததுமே, "எடைக்குப் போட்டுருங்க சார்" என்றார்கள். அண்ணாச்சி ஒருவர்தான் அதைத் தொடச் சம்மதித்தார்.

எடைக்குப் போட முடியாது. உள்ளே என் கல்யாண வீடியோ இருந்தது. என் கல்யாணத்தை மறுபடி பார்க்க எனக்கு ஆசையில்லை. ஆனால் கேமராவைக் கண்டாலே ஓடுகிற என் அண்ணன் அதில் மட்டும்தான் நடமாடினான், சாம்பார் வாளியோடு. அவன் போய் நான்கு வருஷம். ஒவ்வொரு நினைவு நாளுக்கும் அண்ணி ஆழ்வார்திருநகரியிலிருந்து பஸ் ஏறி வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். வீடியோக்காரர் கொடுத்த சிடி எப்போதோ பூஞ்சை பிடித்துவிட்டது.

அந்த வருஷ நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்னால் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

"முக்கியமானதெல்லாம் டி டிரைவ்லதான தம்பி இருக்கு? சி-ய நான் தொடைச்சிருவேன்" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி" என்றேன், ரொம்பத் தெரிந்தவன் மாதிரி. வீடியோ எப்போதும் திரையில் கண்ணெதிரே இருக்கும். கண்ணெதிரே இருப்பது பத்திரமாக இருக்கிறது என்று நம்பிய ஆள் நான். திரையில் கிடப்பதெல்லாம் சி-யில்தான் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

விண்டோஸ் ஏறி முடியும்வரை அண்ணாச்சி டீ குடிக்க மாட்டார். மற்றவர்களை மூச்சுவிடவும் விடமாட்டார். "நாப்பத்திரண்டு பர்சென்ட்ல நிக்கி. யாரும் மிக்சி போட்டுராதிய!" அன்று எங்கள் வீட்டில் சட்னி இல்லை.

நூறு வந்தது. பளிச்சென்று ஒரு திரை, ஒன்றுமே இல்லாமல். டி-யைத் திறந்தேன். ரேஷன் கார்டு நகலும் ஒரு சீட்டு விளையாட்டும் இருந்தன.

"எங்க அண்ணன் போயிட்டான் அண்ணாச்சி" என்றேன். அவன் செத்த அன்று அழுததைவிட அன்று அதிகம் அழுதேன்.

"தெறந்து பாக்காம தொட்டுட்டனே" என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். அழிந்ததை மீட்கும் மென்பொருள் நான்கைப் போட்டுப் பார்த்தார். என் மைத்துனனின் பயோடேட்டா ஏழு பிரதி வந்தது. அண்ணன் வரவில்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

போனில் அண்ணியிடம் சொன்னேன். "பரவால்ல, விடுங்க" என்றார். அந்த நினைவு நாளுக்கு அவர் வரவில்லை.

மூன்று வாரம் அண்ணாச்சியைக் காணோம். ஆல்பமும் போச்சு என்று திட்டிக்கொண்டிருந்தேன். அவரோ ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறியிருக்கிறார். "இந்தப் போட்டோல கையில போன் வச்சிட்டு நிக்கியளே, அந்தப் போன் எங்க?" தருவைகுளத்தில் என் நண்பன் ஒருவன் வீட்டு மேஜை டிராயரில் செத்துக் கிடந்தது ஒன்று. வாழ்க்கையில் முதல் தடவையாக, பார்மேட் பண்ணாமல் ஒன்றுக்கு உயிர் கொடுத்தார்.

அந்தப் போனுக்குள் கல்யாணத்தில் எடுத்த வீடியோ ஒன்று, பதினோரு விநாடி. அண்ணன் கரண்டியால் முகத்தை மறைக்கிறான், சிரிக்கிறான், "ஏலே, எடுக்காதலே!" என்கிறான். அவ்வளவுதான்.

அதை ஏற்றிக் கொண்டுவந்த பென் டிரைவை அண்ணாச்சி என் கையில் வைத்து மூடினார். "தம்பி, இத உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் ஏத்திராதிய. நாளப்பின்ன கெட்டுப்போனா என்னையத்தான கூப்பிடுவிய."

அண்ணி அந்த வாரமே வந்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். அண்ணாச்சி கதவோரம் குனிந்த தலையோடு நின்றார்.

அதற்குப் பிறகும் கம்ப்யூட்டர் இரண்டு தடவை படுத்தது. இரண்டு தடவையும் அவரைத்தான் கூப்பிட்டேன். வேறு யாரை நான் நம்ப?