மாதிரி மரம், வரிசை எண் 1

மரத்தைக் காகிதமாக்கும் ஆலைகள் மண்ணுலகில் பலவுண்டு. அது ஒரு பெரிய வித்தையன்று. காகிதமே செய்யாமல் பதினோர் ஆண்டுகள் தலைசிறந்த காகித ஆலையாகத் திகழும் பேறு, இந்த ஆலை ஒன்றுக்கே வாய்த்தது.

இப்பேற்றை அருளியவர் பொது மேலாளர். பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே கடிகாரமும் கையுமாக ஆலையைச் சுற்றிவந்த அவர், காகிதத் தயாரிப்பில் மிகுதியாகக் காலத்தை விழுங்குவது காகிதம் தயாரிப்பதே என்று கண்டறிந்தார். அத்தடையை உடனே நீக்கினார். அன்றுமுதல் வேறோர் ஆலையின் காகிதம் பின்வாசல் வழியே வந்து, உறை மாற்றிக்கொண்டு, முன்வாசல் வழியே போகிறது. இதற்கு ‘உற்பத்திச் சீரமைப்பு’ என்று பெயர்.

ஆயினும் ஆண்டுக்கு நான்கு முறை ஆய்வுக் குழு வருமே! அவர்களுக்குக் காட்டவென்றே ஆலையில் ஒரு கட்டை இருந்தது. அடியும் முடியும் அறியவொண்ணாத பரம்பொருளைப் போற்றிய அடியார்கள் உண்டு. இக்கட்டையோ அடியும் முடியும் அறுக்கப்பட்ட பின்னரே போற்றுதலுக்கு உரியதாயிற்று. ‘மாதிரி மரம், வரிசை எண் 1’ என்று பித்தளைத் தகடு வேறு. குழு வரும் நாளில் தகட்டைக் கழற்றிவைத்ததும், அது நகரும் பட்டையின்மீது எழுந்தருளும். தோலுரிக்கும் உருளையில் மேலாடை களையும். சிப்பர் இயந்திரத்தின் வாய்வரை செல்லும். குழுவினர் அடுத்த கட்டடத்தை நோக்கித் திரும்பும் நொடியில் பக்கத்துச் சன்னல் வழியே வெளியேறிவிடும். மறுநாள் தோலைப் பசையிட்டு ஒட்டுவார்கள். இத்தனை பிறவி எடுத்தும் இளைக்காத உயிர் வேறெங்கும் கண்டதில்லை.

கட்டையைச் சன்னல் வழியே தள்ளுவதுதான் சிப்பர் அண்ணனின் பணி. மரத்தைச் சில்லுசில்லாகச் சீவும் அந்த இயந்திரத்துக்கு அவரே அதிபதி. பதினோர் ஆண்டுகளாகத் தற்காலிக அதிபதி. நிரந்தரமானால் ஆலைக் குடியிருப்பில் ஒரு வீடு கிடைக்கும். பன்னிரண்டாம் ஆண்டில் தற்காலிகப் பணியாளர் எவரும் நீடிக்கலாகாது என்பது விதி; பன்னிரண்டாம் ஆண்டு பிறக்க ஒரு வாரமே இருந்தது. அவருடைய விண்ணப்பமோ, ‘சீவிய மரத்தின் அளவு’ என்னும் கட்டம் காலியாக இருந்ததால், ஆண்டுதோறும் போன வேகத்தில் திரும்பிவந்தது.

“நம்ம கல்யாணமே நிரந்தரமாயிடுச்சு, உங்க வேலை இன்னும் ஆகலையே!” என்றாள் மனைவி, கூரை ஒழுகிய இடத்தில் வாளியை நகர்த்தியபடி.

“அந்தக் கட்டத்துல என்னன்னு எழுதச் சொல்ற? ஒரு சில்லு சீவினதில்லையே.”

“மரம் கைக்கு வருதுல்ல? சீவ வேண்டியதுதானே!”

“அது காட்டுற மரம்டி.”

“நம்ம வீடும் காட்டுற வீடுதான். படுத்தா வானத்தைக் காட்டுது.”

அன்று காலை குழு வந்தது. கட்டை வழக்கம்போல் பவனி வந்து சிப்பரின் வாயருகே நின்றது. குழுவினர் முதுகைத் திருப்பினர். சிப்பர் அண்ணன் சன்னலைப் பார்த்தார். நாள் தவறாமல் தாம் தீட்டி எண்ணெயிட்டு வைத்த கத்திகளைப் பார்த்தார். கை சன்னல் பக்கம் போகவில்லை.

இயந்திரம் முழங்கிற்று. பதினோர் ஆண்டுப் பட்டினி ஒரே வாயில் தீர்ந்தது. மேலாளரின் தலைமேல் மரத்தூள் மாரியாகப் பொழிந்தது.

“யோவ், என்னய்யா பண்ணின?”

“சீவிட்டேன் சார்.”

“எதுக்கு?”

“சிப்பர் சார் இது.”

“இருக்கிறதே அந்த ஒரு மரம்தான்யா!” என்று மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

ஆய்வுக் குழுத் தலைவர் குழந்தைபோல் ஓடிவந்தார். “அடடா, இந்தச் சத்தத்தை நான் இங்க கேட்டதே இல்லையே! அடுத்து என்ன செய்வீங்க?”

மேலாளர் தலைமேலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். “அடுத்து... தேநீர் ஐயா.”

அவரைக் கரைசேர்த்தவர், ஆய்வுக்கூடத்தில் மரச்சில்லை வேகவைக்கும் கலனுக்குப் பொறுப்பான கொதிகலன் அக்கா. “தம்பி, அந்தச் சில்லைக் கூடையில அள்ளிட்டு வா. சின்னக் கொதிகலனை என்னைக்காவது கேப்பாங்கன்னு துடைச்சே வச்சிருக்கேன்” என்றார் சிப்பர் அண்ணனிடம்.

காரமும் நீராவியும் கூட்டி நான்கு மணி நேரம் வேகவைத்தார்கள். வெந்த நாரை அலசினார்கள், அடித்துக் கூழாக்கினார்கள், சல்லடையில் ஊற்றி நீரை வடித்தார்கள், அழுத்திப் பிழிந்தார்கள், சூடான உருளையில் உலர்த்தினார்கள். குழுத் தலைவர் பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் தகப்பனைப்போல் உலாவிக்கொண்டிருந்தார். மாலையில் இரண்டு தாள்கள் பிறந்தன. வெளுக்க நேரமில்லாததால் மாநிறம். தட்டினால் கலகலவென்ற ஓசை.

தரக்கட்டுப்பாட்டு அதிகாரி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இது நம்ம காகிதமே இல்லை சார். நம்மது உறையோட வரும்.”

குழுத் தலைவர் அதைக் காதில் வாங்கவில்லை. சிப்பர் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அவரது வண்டி வாயிலைத் தாண்டியதும் மேலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தற்காலிகப் பணியாளர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அதில் இடமே இல்லை. குற்றவாளி நிரந்தரப் பணியாளராக இருந்தாக வேண்டும். மேலாளர் நெறி தவறாதவர். ஆகவே இரண்டு கடிதங்கள் எழுதத் துணிந்தார். கிடங்கில் காகிதம் மலைபோல் குவிந்திருந்தது. மாற்றிய உறையைப் பிரிக்கத்தான் எவருக்கும் அதிகாரமில்லை. பிரித்த நிலையில் கிடைத்தவை அந்த இரண்டு தாள்களே.

வீட்டில் மனைவி முதல் தாளை வாசித்தாள். பணி நிரந்தரம், குடியிருப்பில் வீடு. “அப்பாடா, வாளிக்கு ஓய்வு கொடுத்துடலாம்!” என்று சிரித்தவள், “இன்னொண்ணு என்னவாம்?” என்று கேட்டாள்.

“நீயே படி. நான் படிச்சா சிரிப்பு வருது.”

அவள் உரக்கப் படித்தாள்:

“நிரந்தரப் பணியாளராகிய தாங்கள், எவ்வித முன்னனுமதியுமின்றி, பட்டப்பகலில், ஆய்வுக் குழுவின் கண்ணெதிரே, காகித ஆலைக்குள் காகிதம் தயாரித்ததாகக் குற்றஞ்சாட்டப்படுகிறது.”