திரியாத பால்

நுரைநாடு என்றொரு நாடு. அங்கே மழை பொய்த்த ஆண்டுகள் உண்டு. அரசாணை பொய்த்த வாரம் கிடையாது.

கெட்ட பாலைக் குடித்துப் பிள்ளைகள் நோயில் விழுகின்றன என்று ஒரு கோடையில் மக்கள் அரண்மனை வாசலில் அழுதார்கள். மன்னர் மனம் இளகினார். பால்வள அமைச்சர் முரசறைவித்தார்: "காய்ச்சும்போது திரிகிற பால் கெட்ட பால். திரியாததே நல்ல பால். திரிந்த பாலைக் கொண்டுவருபவரின் மாடு அரசுக்குச் சொந்தம்."

சூளைத்தெருவில் சடையனுக்கு ஒரே மாடு. விடியலில் கறந்த பாலைத் தலையில் சுமந்து, கொளுத்தும் வெயிலில் சந்தைச் சாவடிக்கு வருவதற்குள் அது புளித்துவிடும். காவலர்கள் காய்ச்சிப் பார்த்தார்கள். திரிந்தது.

"ஐயா, பால்னா வெயில்ல திரியத்தானுங்க செய்யும்!"

"திரியுமாம்ல! பெரிய கடை முதலாளி பாலு நேத்துலேருந்து கல்லு மாதிரி நிக்குது. உனக்கு மட்டும் என்னய்யா கேடு?"

பால் திரியாமலிருக்க முதலாளி அதில் சலவைச் சோடா கலந்திருந்தார். அவருக்குத் 'தூய்மைத் திலகம்' என்று பட்டம் கொடுத்தார்கள். சடையனின் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த மாட்டுப் பாலைக் குடித்து வளர்ந்தது அதே தெருவில் இருந்த குருவம்மாவின் கைக்குழந்தை. செங்கல் சுமந்து சுமந்து அவளுக்குத் தாய்ப்பால் வற்றியிருந்தது. இனிக் கடைப் பாலைத் தவிர வேறு வழியில்லை.

"அண்ணே, காய்ச்சுனா சோப்புத்தண்ணி மாதிரி பொங்குது. புள்ளைக்குக் குடுக்கலாமாண்ணே?"

"நாட்டுப் பேரே நுரைநாடு. நுரைக்காம என்ன செய்யும்? வேணாம்னா வச்சிட்டுப் போ தாயி."

வாங்கிப் போனாள்.

பிரைமோர் ஊற்றினால் பால் தோயவில்லை என்று பெண்கள் முறையிட்டார்கள். "தோய்வதும் திரிதலின் தங்கையே" என்று அமைச்சர் தயிரைத் தடைசெய்தார். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. இனி வைத்தியர்கள் அந்தச் சொல்லை உச்சரிக்கக் கூடாது, 'நீர்வளம்' என்றே சொல்ல வேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. குருவம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது வைத்தியர் அதன் கண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"நீர்வளம்மா" என்றார்.

பிள்ளை அன்று மாலையே போய்விட்டது.

மறுநாள் குழியில் பால் ஊற்ற வேண்டும். அமைச்சர் பதவிக்குத் தேர்தல் நெருங்கியிருந்ததால் அமைச்சரே வந்தார், வெள்ளிச் சொம்போடு. வெயிலில் நெடுந்தூரம் பல்லக்கில் வந்திருந்த சொம்பு அது. குருவம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். பால் கட்டிகட்டியாகத் திரிந்து கிடந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்தாள். புளித்தது.

"சாமி, இது எந்தக் கடைப் பாலுங்க?"

அமைச்சருக்குக் கோபமே வந்துவிட்டது. "கடைப் பாலா? அதையா கொண்டுவருவேன்? அரண்மனைத் தொழுவத்துப் பாலும்மா. உங்க தெருவுல பிடிச்ச மாடுங்கதான். மன்னர் பேரப்புள்ளைங்க இதைத்தான் குடிக்கிறாங்க."

சடையன் வாயைத் திறந்தான். காவலன் ஒருவன் அவன் தோளில் கையை வைத்தான்.

குருவம்மா அழவில்லை. குழிமேட்டின் தலைமாட்டில் மண்ணைக் கையால் ஒதுக்கிச் சின்னதாகப் பள்ளம் பறித்தாள்.

"இங்க ஊத்துங்க சாமி. வாய் இந்தப் பக்கம் இருக்கு."

அமைச்சர் ஊற்றினார். காய்ந்த மண் உறிஞ்சிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் மன்னர் வாழ்க என்றார்கள்.