கீறல் விழாத தரை

இனி இந்த வீட்டில் என் சொல்தான் செல்லும் என்று நான் தீர்மானித்தது, ஒரு மரத்தரையின் பளபளப்பைப் பார்த்துத்தான். பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம்.

பல வருடம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து வாங்கிய பழைய வீடு. கூரை ஒழுகும். ஜன்னல் மூடாது. சுவரைப் பார்த்துத் தும்மினால் அரைக்கிலோ காரை உதிரும். அத்தனையையும் விட்டுவிட்டு, தெருப்பக்கத்து அறையின் மரத்தரையை இழைத்து மெருகேற்ற வைத்தேன்.

"மேல்வேலை முடியாம கீழே மெருகேத்துவாங்களா? முகம் கழுவாம பவுடர் போடற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

"உனக்கு அழகுன்னா என்னன்னு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா உங்களைக் கட்டியிருப்பேனா?"

அந்த அறைக்கு எங்களுக்குள் போட்டி. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான். எனக்கு அது புத்தக அறை. சமையலறை மூலையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைக்கிற அவளுக்கு, தையல் அறை.

ஜன்னலை மாற்றத் தச்சரும், சுவருக்குப் பெயிண்டரும் வருவதற்கு முன்னால் தரை முழுக்க அட்டை விரித்தேன். அட்டை நகராதபடி ஒட்டத் திட்டம்: ஓரமெல்லாம் டேப். நடுவிலும் டேப்.

"ஏங்க, புது மெருகாச்சே. டேப் ஒட்டலாமா?"

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"அவ்வளவு நம்பிக்கையா? அப்போ பந்தயம். தரைக்கு ஏதாவது ஆச்சுன்னா அறை எனக்கு."

"ஒரே ஒரு கீறல் விழட்டும். உனக்கே!"

வேலை முடியும்வரை வாசற்படியில் காவல் இருந்தேன். "தச்சரே, உளி! உளி!" "அண்ணே, ஏணியை இழுக்காதீங்க, தூக்குங்க!" கடைசியில் பெயிண்டர், "சார், பேசாம நான் சுவத்து மேலயே நடந்துக்கவா?" என்று கேட்டுவிட்டார்.

எல்லாரும் போனபின் மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தி, டேப்பின் நுனியைப் பிடித்து ஒரே இழு. சர்ரென்று வந்தது. கூடவே மெருகும் வந்தது. வெயிலில் தோலுரிந்த முதுகு மாதிரி தரையில் ஒரு நீளக் கோடு. அடுத்ததைச் சாமர்த்தியமாக, மெதுவாக இழுத்தேன். மெருகும் மெதுவாக வந்தது.

நெஞ்சு அடைத்தது. நாக்கு அடைக்கவில்லை.

"கீறல் இல்லையே. இது உரிசல்தானே? பந்தயம் கீறலுக்குத்தான்."

"வாஸ்தவம். உரிச்சது யாரு?"

"நான்தான்."

"உரிச்சவருக்குத் தரை. உரியவளுக்கு அறை."

சிலேடை என் சொத்து என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"உரியும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கதவுக்குப் பின்னால துளி டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் உங்ககிட்ட வந்து கேட்டேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். நான் பார்த்துக்கறேன்னீங்க. சரி, பார்க்கட்டும்னு விட்டுட்டேன்."

அந்தத் தரையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அவள் கேட்ட அந்த நிமிடம் 'ஏன் கேட்கிறாய்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தரையை மூடத் தெரிந்தவனுக்கு வாயை மூடத் தெரியவில்லை. இப்போது அங்கே தையல் மெஷின் ஓடுகிறது. என் புத்தகங்கள் கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் மூச்சுத் திணறுகின்றன.

நேற்று ஒரு கத்தரிக்கோல் கேட்டு அந்தப் பக்கம் போனேன். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அங்கேயே நில்லுங்க. நீங்க நடந்தா தரை கெட்டுடும்."