முதுகு காட்டி வரைந்த முகம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. இரண்டு இடங்களில் குறைத்திருக்கிறேன். அதுவும் நீங்கள் நம்ப வேண்டுமே என்பதற்காக.

ஸ்கெட்ச்காரர் சமையலறை மேஜைமேல் ஒரு கெட்டிலை வைத்து, இரண்டு மணி நேரமாக உற்றுப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வாத்து நல்லா வந்திருக்குங்க."

"கெட்டில்."

"ஓ... அதுக்கு ஒடம்பு சரியில்லையா?"

போலீஸ் நிலையத்தில் அவருக்கு வேலை, சாட்சிகள் சொல்லச் சொல்லத் திருடர்களின் முகங்களை வரைவது. காதால் கேட்டே கை பழகிவிட்டது; கண்ணால் பார்த்தால் பென்சில் மிரண்டது. இப்போது நிலையத்துக்கு முகம் வரையும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஓவியக் கல்லூரியின் பகுதிநேரப் படிப்பில் இடம் பிடித்தால் அவர் நாற்காலி தங்கும்; இல்லாவிட்டால் பழைய ஃபைல்கள் தூங்கும் கிடங்குக்கு மாற்றம். இடம் வேண்டுமானால் பத்துப் படங்கள் கொண்ட கோப்பைக் கொடுக்க வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

"இந்தா பாரு, நான் திரும்பி உக்காந்துக்கறேன். நீ கெட்டிலைப் பாத்துச் சொல்லு."

"குண்டுங்க. கழுத்து கெடையாது. மூக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

"உயரம்?"

"தெரியலைங்க, உக்காந்திருக்கு."

"கடைசியா எங்க பாத்தே?"

"அடுப்பு மேல."

கெட்டில் அச்சாக வந்தது. இப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்பது பொருள்களை முடித்தார்.

பத்தாவதுதான் வம்பு. உயிருள்ள ஒரு முகம் வேண்டும். படமும் ஆளும் ஒன்றுதான் என்று பொறுப்பான ஒருவர் கையெழுத்தும் போட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை, மனைவியின் தம்பியைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வேலை தேடுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை.

"எந்தம்பிக்கு ராஜ களைங்க," என்று தொடங்கினாள் அக்கா. "நெத்தி அகலம். கண்ணு ரெண்டும் அப்படியே பேசும்."

கையெழுத்துக்காக, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தலைமையாசிரியரிடம் ஓடினார் ஸ்கெட்ச்காரர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"யாரு இது, யாருக்காவது மாப்பிள்ளை பாக்கறீங்களா?"

"என் மச்சினன் சார்."

"எத்தனாவது மச்சினன்?"

இருப்பது ஒருவன்தான் என்றதும், பொய்க் கையெழுத்துப் போட முடியாது என்று படத்தைத் திருப்பி நீட்டினார்.

"அப்ப நீங்களே சொல்லுங்க சார், வரையறேன்" என்று அங்கேயே முதுகைக் காட்டி உட்கார்ந்தார் ஸ்கெட்ச்காரர்.

தலைமையாசிரியரின் ஜன்னலுக்கு அடியில் மூன்று வருடமாக விடிகாலையில் பைக்கை உறுமவிடுகிறவன் அந்த மச்சினன். பெரியவர் மனம் திறந்தார்.

"திருட்டு முழி. கன்னத்துல மச்சம், அதுல முடி. பல்லு ஒண்ணு கோவிச்சுக்கிட்டுத் தனியா நிக்கும்."

முடிந்ததும் எட்டிப் பார்த்தார். "அச்சு அசல்! ஆனா இந்த மூஞ்சிக்குக் கீழ என் பேரு வராது."

வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்த மச்சினன் கொதித்தான். "அத்தான், இதைப் பாத்தா நானே எம்பாக்கெட்டைத் தொட்டுப் பாத்துக்குவேன்!" என்று கத்திவிட்டு, முடியாவது சரியாக இருக்கட்டும் என்று சலூனுக்குப் போனான்.

இன்ஸ்பெக்டரே கதி என்று நிலையத்துக்கு ஓடினார் ஸ்கெட்ச்காரர். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தார். படத்தை அவர் மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த மேஜையில் ஒரு முகம் கிடந்தால் உடனே ஜெராக்ஸ் எடுத்து ஊரெங்கும் ஒட்டிவிடுவது நிலையத்தின் வழக்கம். யார், என்ன கேஸ் என்று கேட்பது வழக்கமில்லை.

கை கழுவிவிட்டு வந்தபோது இருநூறு பிரதிகள் போய்விட்டிருந்தன.

"ஐயோ, அது எங்க வீட்டுப் பையன்யா!"

"எல்லாத் திருடனும் யாரோ ஒருத்தர் வீட்டுப் பையன்தான் சார்," என்றார் ஏட்டு.

நாலரை மணிக்கு மச்சினனைக் கொண்டுவந்தார்கள். சலூனில் காத்துக் கிடந்து கடைசியில் கிடைத்த நாற்காலியிலிருந்து அப்படியே தூக்கியிருந்தார்கள். பாதித் தலை வெட்டியிருந்தது, கழுத்தில் வெள்ளைத் துணி.

"அத்தான்!"

அதற்குள் திரும்பியிருந்த இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டபிறகும் அவருக்குக் கோபம் வரவில்லை. 'படமும் ஆளும் ஒன்றே. நேரில் பிடித்துச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஸ்கெட்ச்காரரைக் கட்டிக்கொண்டார். நிலையமே எழுந்து நின்று கைதட்டியது. ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மச்சினனை மீதித் தலையை வெட்டிக்கொள்ள அனுப்பிவிட்டு, ஜீப்பில் பறந்தார் ஸ்கெட்ச்காரர். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. போலீஸ் முத்திரையைப் பார்த்த கல்லூரி முதல்வர், மற்ற ஒன்பது படங்களைப் பிரிக்காமலேயே இடம் கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது ஸ்கெட்ச்காரர் டிரைவரைக் கேட்டார்: "ஒண்ணுதான்ப்பா புரியல. இருபத்திரண்டு வருஷமா எத்தனை திருடனை வரைஞ்சிருக்கேன்! அதுக்கெல்லாம் தட்டாத கையை எம்மச்சினனுக்கு ஏன் தட்டினாங்க?"

டிரைவர் கியரை மாற்றினார்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? உங்க படத்தை வெச்சு நாம பிடிச்ச மொத ஆளு அவர்தானே!"