மூன்றரை மணி நேரக் கோளாறு

கடிகாரக்காரரின் கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டு. மகளின் பதிவுத் திருமணமும் பன்னிரண்டு மணிக்குத்தான். அவரோ இன்னும் மேகத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தார்.

டிக்கெட்டை மறுபடி பார்த்தார். புறப்படுவது பத்து மணி, இறங்குவது பத்தரை. ஏதோ நாலு பஸ் ஸ்டாப் தூரம் என்று நம்பித்தான் ஏறியிருந்தார்.

ஊரார் கடிகாரங்களையெல்லாம் சரிசெய்து கொடுக்கும் அந்த மனிதர், எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை. மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போனபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை இவர் வீட்டுக்கு வந்த அன்று, கடையிலிருந்து திரும்பியபோது காலி டீ கப்கள்தான் மிச்சம். மாப்பிள்ளையின் முகத்தை இன்றுவரை பார்த்ததில்லை.

"கல்யாணத்துக்காவது நேரத்துக்கு வந்துடுங்கப்பா" என்று மகள் போனில் கெஞ்சியிருந்தாள்.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். "என்னம்மா, வழி தவறிட்டோமா?"

"இல்லையே சார். மூவாயிரம் கிலோமீட்டர் போகணும்ல? கரெக்டா பத்தரைக்கு இறங்கிடுவோம்."

அவள் மணிக்கட்டைப் பார்த்தார். எட்டரை! பாவமாக இருந்தது.

"அதைக் கழட்டிக் கொடும்மா."

முள்ளைப் பன்னிரண்டுக்குத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்து இருக்கைக்காரரின் கடிகாரத்திலும் அதே வியாதி. அதையும் குணப்படுத்தினார். ஆள் நல்ல தூக்கத்தில் இருந்ததால் மறுப்பேதும் சொல்லவில்லை.

இறங்கினால், விமான நிலையச் சுவர்க் கடிகாரம் பத்தரை என்றது.

"ஒரு ஏணி கிடைக்குமா? ரெண்டு நிமிஷ வேலை" என்றார் காவலாளியிடம்.

"அது சரியாத்தான் ஓடுது ஐயா."

"எங்கிட்டயேவா? முடி நரைச்சதே இந்தத் தொழில்லதான்."

காவலாளி ஏணி தரவில்லை. உட்கார ஒரு பெஞ்சைக் காட்டினார்.

உட்கார்ந்ததும் துக்கம் பொங்கியது. கல்யாணம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. எந்த முகத்தோடு போவது? போனை உயிர்ப்பிக்கவும் தைரியமில்லை. அழுதார், ஒரு பன் சாப்பிட்டார், மறுபடியும் அழுதார்.

பக்கத்து இருக்கைக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "பெரியவரே, என் வாட்ச்ல கை வெச்சது நீங்கதானா? அடுத்த ஃப்ளைட்டை விட்டுட்டேன்னு கவுன்ட்டர்ல போய் சண்டை போட்டு அசிங்கப்பட்டுட்டேன்! இந்த ஊர் நேரம் நம்ம ஊரைவிட மூணரை மணி நேரம் பின்னாடிங்க!"

கடிகாரக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சுவர்க் கடிகாரம் இப்போது பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

அப்படியானால் இறங்கியபோது நேரம் இருந்திருக்கிறது! பெஞ்சில் உட்கார்ந்து அழுதே அதைக் கோட்டை விட்டிருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

'கடிகாரக்காரர்' என்று எழுதிய அட்டையோடு, கார்மேல் சாய்ந்து ஒரு டிரைவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"மெதுவாவே போப்பா" என்று பின்சீட்டில் சரிந்தார். "இனிமே என்ன அவசரம்? பெத்த பொண்ணு கல்யாணத்தையே கோட்டை விட்ட பாவி நான். அந்த மாப்பிள்ளை என்னைப் பத்தி என்ன நினைப்பானோ!" விசும்பல் அடங்கவில்லை.

டிரைவர் டிஷ்யூ பெட்டியைப் பின்னால் நீட்டினான்.

"அழாதீங்க மாமா. கல்யாணம் நாளைக்குத்தான். இன்னிக்குன்னு உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கோம்."